மீட்டரை வினாடியால் வகுத்தால் எல்லாமே திசைவேகமா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானதாகவே இருக்கும். நான்கு அளவுகளைக் கொடுத்திருப்பார்கள்: 25 மீ, 25 மீ/வி, 25 மீ/வி², 25 கிகி மீ/வி. இவற்றில் திசைவேகத்தைக் குறிப்பது எது? எண் நான்கிலும் ஒன்றுதான், அதனால் எண்ணைப் பார்த்துப் பயனில்லை. அலகைப் பார்க்க வேண்டும். மேலே நீளம், கீழே நேரம், வேறு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் முதலாவது தொலைவு, மூன்றாவது முடுக்கம், நான்காவது உந்தம். மிச்சமிருக்கும் இரண்டாவதுதான் விடை. பத்து வினாடி வேலை.

அந்த விதியோடு தேர்வறையை விட்டு வெளியே வந்து ஒரு செய்தித்தாளைப் பிரித்தால் கொஞ்சம் தலை சுற்றும். நீளத்தை நேரத்தால் வகுத்த வடிவில் வருகிற சில அளவுகள் திசைவேகமே இல்லை. பெயரிலேயே திசைவேகத்தை வைத்திருக்கும் சில அளவுகளுக்கு அந்த அலகு கிடையாது. வேறு அலகுக்குள் புகுந்து ஒளிந்திருக்கும் திசைவேகங்களும் உண்டு. ‘இது திசைவேகம் இல்லை’ என்று அலகு அடித்துச் சொல்லும். ‘இது திசைவேகம்தான்’ என்று மட்டும் அது தனியாக ஒருபோதும் சான்றிதழ் தராது. பாடப்புத்தகங்கள் முதல் பாதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன என்பது என் குறை.

முதல் பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கி.மீ/மணி, மீ/வி, அடி/நிமிடம் எல்லாம் தோற்றத்தில் வேறு, பரிமாணத்தில் ஒன்று. அதனால்தான் 5/18-ஆல் பெருக்கி கி.மீ/மணியிலிருந்து மீ/வி-க்குப் போக முடிகிறது. கப்பல்காரர்களும் விமானிகளும் பயன்படுத்தும் ‘நாட்’ கொஞ்சம் ஏமாற்றும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது மணிக்கு 1.852 கி.மீ. ‘மணிக்கு’ அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ‘மணிக்கு 40 நாட் வேகம்’ என்று செய்தியில் வந்தால், எழுதியவர் தெரியாமலே முடுக்கத்துக்குப் போய்விட்டார் என்று பொருள்.

முடுக்கத்தின் அலகில் வரும் அந்த ‘வினாடி²’ பல மாணவர்களை மிரட்டுகிறது. வினாடியை ஏன் வர்க்கப்படுத்த வேண்டும்? உண்மையில் யாரும் வர்க்கப்படுத்தவில்லை. மாடியிலிருந்து கல்லை விட்டால், காற்றின் தடையைத் தள்ளிவைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வினாடியும் அதன் வேகத்தில் 9.8 மீ/வி கூடிக்கொண்டே போகும். முதல் வினாடி முடிவில் 9.8, இரண்டாவதன் முடிவில் 19.6. ‘வினாடிக்கு, இத்தனை மீட்டர்/வினாடி’ என்பதைச் சுருக்கி எழுதினால் வினாடி இரண்டு முறை கீழே வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம் திசை. 20 மீ/வி என்று எழுதியிருந்தால் அது வேகமா, திசைவேகமா? அலகை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே அலகு. ‘20 மீ/வி, வடகிழக்கு நோக்கி’ என்று இருந்தால்தான் திசைவேகம் முழுமையாகிறது. சென்னையிலிருந்து மதுரை போய் அன்றே திரும்பி வந்த வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 60 கி.மீ. இருக்கலாம். இடப்பெயர்ச்சி பூஜ்யம் என்பதால் சராசரித் திசைவேகம் பூஜ்யம். ஒன்று அறுபது, இன்னொன்று சுழி, அலகு மட்டும் இரண்டுக்கும் கி.மீ/மணி. ஆகவே மேலே சொன்ன தேர்வுக் கேள்வியைக் கறாராகப் பார்த்தால், ‘25 மீ/வி’ என்பது திசைவேகமாக இருக்கத் தகுதியுள்ளது என்று மட்டுமே சொல்ல முடியும்.

இரண்டாவது பாதிக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த இரண்டு மூன்று நாட்களின் வானிலைச் செய்திகளை எடுத்துப் பார்த்தால், நம் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. காற்று மணிக்கு 70 முதல் 80 கி.மீ., இடையிடையே 90 வரை. புயல் நகரும் வேகம் தனியாக ஓர் எண். மழையளவு இன்னோர் எண். ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் வேறோர் எண். நான்கிலும் நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படிக்கிறவர் மனதில் நான்கும் ‘வேகம்’ என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுகின்றன.

முதல் இரண்டும் உண்மையான திசைவேகங்கள்தான். ஆனால் ஒரே பொருளுடையவை இல்லை. காற்றின் வேகம் புயலின் மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்றுடையது. நகர்வு வேகம் அந்தச் சுழற்சி மொத்தமும் வரைபடத்தில் இடம் மாறுவது. இந்திய வானிலைத் துறை ஒரு சுழற்சியைப் ‘புயல்’ என்று வகைப்படுத்துவது காற்றை வைத்து: மணிக்கு 62 கி.மீ. தொட்டால் புயல், 89 தொட்டால் தீவிரப் புயல், 118 தொட்டால் மிகத் தீவிரப் புயல். நகர்வு வேகத்துக்கு இந்த வகைப்பாட்டில் இடமே கிடையாது. ஃபெஞ்சல் இந்த அளவுகோலில் சாதாரணப் புயல்தான், தீவிரப் புயல்கூட இல்லை. ஆனால் கரையைக் கடந்தபின் பல மணி நேரம் அது ஏறக்குறைய நகராமல் அப்படியே நின்றுவிட்டது. நகர்வுத் திசைவேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். மேகம் நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்ததில் புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை பதிவானது. ‘புயல் வலுவிழந்தது’ என்ற செய்தியைப் பார்த்து நிம்மதியானவர்கள் காற்றின் எண்ணை மட்டும் பார்த்தார்கள். வெள்ளத்தைக் கொண்டுவந்தது நகர்வு வேகத்தின் எண்.

மூன்றாவது, மழை. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. மழையின் தீவிரத்தை மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்கிறோம். மில்லிமீட்டர்/மணி. நீளம் மேலே, நேரம் கீழே, வேறு ஒட்டு எதுவும் இல்லை. விதிப்படி பார்த்தால் அப்பட்டமான திசைவேகம். அப்படியானால் எது அந்த வேகத்தில் நகர்கிறது?

மழைத்துளியா? ஓரளவு பெரிய துளி ஒன்று வினாடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் தரையில் வந்து விழுகிறது. அதை மில்லிமீட்டர்/மணியில் எழுதினால் 2 கோடியே 52 லட்சம். மணிக்கு 100 மி.மீ. என்பது வெளுத்து வாங்குகிற மழை, அதையே மேகவெடிப்பு என்கிறார்கள். அந்த மழையில்கூட இரண்டு எண்களுக்கும் நடுவே இரண்டரை லட்சம் மடங்கு இடைவெளி. மழையளவு என்பது துளியின் வேகம் இல்லை என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. தண்ணீர் வழியாமல், உறிஞ்சப்படாமல் அப்படியே தேங்கினால் அதன் மட்டம் எவ்வளவு சீக்கிரம் உயரும் என்பதுதான் அது. ஒரு சதுர மீட்டரில் விழுந்த கன மீட்டர்களை வகுத்து வகுத்துச் சுருக்கும்போது மூன்று நீளங்களில் இரண்டு அடிபட்டுப் போய், திசைவேகத்தைப் போல வேடம் போட்டு நிற்கிறது.

ஆனால் அந்த இரண்டரை லட்சத்தை வீணாக்க வேண்டாம். துளி விழும் வேகத்தால் மழைத் தீவிரத்தை வகுத்தால் அலகு முழுக்க அடிபட்டு வெறும் எண் மிஞ்சும். அந்த எண், காற்றின் கனஅளவில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது. கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 4 கிராம். எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவு கொட்டும் மழையிலும், ஆளுயரத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஒரு கனப் பெட்டிக்குள் ஒரு டீஸ்பூன் நிறையக்கூடத் தண்ணீர் இல்லை. முதல் தடவை கேட்கிறவர்கள் யாரும் இதை நம்புவதில்லை.

நான்காவது, ஆறு. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வெளியேறியது. கன அடி/வினாடி, அதாவது கியூசெக். இதை ‘தண்ணீர் 1.68 லட்சம் வேகத்தில் வந்தது’ என்று பேச்சுவழக்கில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேலே இருப்பது நீளம் இல்லை, கனஅளவு. ஆகவே இது திசைவேகம் இல்லை, பாய்வு. ஆற்றின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால்தான் திசைவேகம் கிடைக்கும். ஆயிரம் அடி அகலமும் சராசரியாக 17 அடி ஆழமும் உள்ள இடத்தில் அந்தத் தண்ணீர் வினாடிக்குச் சுமார் 10 அடி ஓடும். அகலம் பாதியாகக் குறுகும் இடத்தில் தண்ணீர் ஆழம் கூடியோ, ஓட்டம் கூடியோ, இரண்டும் கூடியோதான் தாண்ட வேண்டும். கியூசெக் மாறாது, திசைவேகம் மாறும். பாலத்தின் தூணை அரிப்பதும் ஆளை இழுத்துப்போவதும் அந்தத் திசைவேகம்தான், கியூசெக் இல்லை.

ஆற்றில் நீரளவு எடுப்பவர்கள் போகும் வழி இதற்கு நேர் எதிர். கன அடியை நேராக அளக்க எந்தக் கருவியும் கிடையாது. ஆற்றின் குறுக்கே பல கூறுகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கூறிலும் மேல்மட்டத்திலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் ஓட்டமானியை இறக்கி வேகத்தை எடுப்பார்கள். ஏறக்குறைய அந்த ஆழத்தில் கிடைப்பது மேலிருந்து அடிவரையிலான சராசரி. அதைப் பரப்பால் பெருக்கி, எல்லாக் கூறுகளையும் கூட்டினால் கியூசெக் வந்துவிடும்.

இதோடு டி.எம்.சி.-யும் சேர்ந்துகொண்டால் குழப்பம் முழுமையாகும். டி.எம்.சி. வெறும் கொள்ளளவு, நூறு கோடி கன அடி. அதில் நேரமே இல்லை. ஒரு நாளைக்கு 86,400 வினாடி, ஆக 11,574 கியூசெக் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்த ஓர் எண்ணை மனதில் வைத்திருந்தால் காவிரிச் செய்திகள் பாதி புரிந்துவிடும். 1.68 லட்சம் கியூசெக் 24 மணி நேரம் ஓடியிருந்தால் 14.5 டி.எம்.சி. சாத்தனூரின் முழுக் கொள்ளளவே ஏறக்குறைய 7.3 டி.எம்.சி.தான். அந்தப் பெரிய எண் ஒரு வேளையின் உச்சத்தைச் சொல்கிறது, மொத்தத்தைச் சொல்லவில்லை.

பெயரை வைத்து ஏமாறுவது இன்னொரு வகை. கோணத் திசைவேகம் என்கிறோம். அதன் அலகு ரேடியன்/வினாடி. ரேடியன் என்பது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தது, அதாவது நீளத்தை நீளத்தால் வகுத்த வெறும் எண். மிஞ்சுவது 1/வினாடி. திசை உண்டு, அச்சின் வழியே. நீளம்தான் இல்லை. வீட்டில் ஓடும் 48 அங்குல மின்விசிறி நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால் இறக்கையின் அடிப்பாகத்துக்கும் நுனிக்கும் கோணத் திசைவேகம் ஒன்றே. நேர்கோட்டு வேகம் அப்படி இல்லை. நுனி வினாடிக்கு 22 மீட்டர் போகிறது, மணிக்கு 79 கி.மீ. ஃபெஞ்சல் காற்றின் வேகம் தலைக்கு மேலே அமைதியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நுனியின் வேகம் மாறாமலே திசைவேகம் மட்டும் ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டிருப்பதும் இதே விசிறியில்தான்.

கோள்கள் சூரியனைச் சுற்றுவதைப் பற்றிய கெப்ளரின் இரண்டாம் விதியில் வரும் பரப்புத் திசைவேகமும் இப்படித்தான். அதன் அலகு சதுர மீட்டர்/வினாடி. சூரியனையும் பூமியையும் இணைக்கும் கோடு வினாடிக்குச் சுமார் 223 கோடி சதுர கி.மீ. பரப்பைக் கடக்கிறது, இது பூமியின் மொத்த மேற்பரப்பைப் போல நான்கு மடங்குக்கு மேல். இணைய ‘ஸ்பீடு’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே எம்.பி.பி.எஸ். (Mbps) என்பது வினாடிக்கு இத்தனை மெகாபிட் தகவல், அதில் நீளத்துக்கு இடமே இல்லை. 50 எம்.பி.பி.எஸ். திட்டமானாலும் 300 ஆனாலும் கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. அதிகம் பணம் கட்டினால் குழாய்தான் அகலமாகும்.

ஒளிந்திருக்கும் திசைவேகத்துக்கு ராக்கெட்டைப் பார்க்கலாம். ஓர் இயந்திரத்தின் திறமையை ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் என்ற எண்ணால் சொல்வார்கள், அலகு வினாடி. இஸ்ரோவின் எல்.வி.எம்.3 ராக்கெட்டில் உள்ள சி.இ.20 கிரையோஜெனிக் இயந்திரத்துக்குச் சுமார் 440 வினாடி. பார்த்தால் எவ்வளவு நேரம் எரியும் என்பது போலத் தோன்றும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உந்துவிசையையும் நேரத்தையும் பெருக்கி, எரிபொருளின் எடையால் வகுத்திருக்கிறார்கள். எடையும் விசைதான் என்பதால் இரண்டு விசையும் அடிபட்டு வினாடி மிஞ்சியது. எடைக்குப் பதிலாக நிறையால் வகுத்திருந்தால் நியூட்டன் வினாடி/கிலோகிராம் வரும், அதைப் பிரித்துப் பார்த்தால் சுத்தமான மீ/வி. 440-ஐ 9.8-ஆல் பெருக்கினால் வினாடிக்கு 4.3 கி.மீ. இயந்திரத்தின் பின்வாயிலிருந்து வாயு வெளியேறும் வேகம் ஏறக்குறைய அது. பவுண்டில் கணக்குப் போடுபவருக்கும் கிலோவில் போடுபவருக்கும் வினாடியில் ஒரே எண் வரும் என்பதால் இந்த வழக்கம் வசதியாகப் போய்விட்டது.

சில சமயம் கண்ணாமூச்சி எல்லை மீறிவிடும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும்போது அளவை ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரே என்பது கிலோகிராமுக்கு ஒரு ஜூல். ஜூலைப் பிரித்தால் கிகி மீ²/வி². கிலோகிராம் அடிபட்டால் மீ²/வி², அதாவது திசைவேகத்தின் வர்க்கம். ஒரு கிரேயின் வர்க்கமூலம் ஒரு மீட்டர்/வினாடி! கணக்கில் பிழை இல்லை, ஆனால் அந்த மருத்துவ அறையில் அந்த வேகத்தில் ஓடுகிற எதுவும் இல்லை. அண்டம் விரிவதைச் சொல்லும் ஹபிள் மாறிலி இதற்கு மறுபக்கம். ஒரு மெகாபார்செக்குக்கு வினாடிக்குச் சுமார் 70 கி.மீ. என்று அது வேகம் போலவே தொடங்கும். மெகாபார்செக்கும் நீளம்தான் என்பதால் நீளம் முழுக்க அடிபட்டு 1/நேரம் மிஞ்சுகிறது. தலைகீழாக்கினால் சுமார் 1400 கோடி ஆண்டு, அண்டத்தின் வயதுக்கு அருகே.

இப்படியெல்லாம் பார்த்தபின், எதுவும் நகராத இடத்தில் மீ/வி தட்டுப்பட்டால் அதை அலகின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாமா? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்படி ஒதுக்கியிருந்தால் இயற்பியலின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று தள்ளிப்போயிருக்கும்.

அன்று மின்னூட்டத்தை அளக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நிலையாக நிற்கும் இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை வைத்து. மின்னூட்டத்தின் வர்க்கத்தைத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தால் விசை என்பது விதி. ஆகவே மின்னூட்டம் என்பது விசையின் வர்க்கமூலம் × நீளம். இன்னொன்று, மின்னோட்டம் பாயும் இரண்டு கம்பிகளுக்கிடையே உள்ள காந்த விசையை வைத்து. அங்கே கம்பியின் நீளமும் இடைவெளியும் அடிபட்டுப் போக, மின்னோட்டம் என்பது வெறும் விசையின் வர்க்கமூலம். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம். ஆகவே மின்னூட்டம் என்பது விசையின் வர்க்கமூலம் × நேரம். ஒரே பொருளுக்கு இரண்டு அலகு. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: விசை அடிபடும், நீளம்/நேரம் மிஞ்சும். திசைவேகம்.

எதன் திசைவேகம்? ஒருவருக்கும் தெரியாது. 1856-இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வெபரும் ருடால்ஃப் கோல்ராஷும் அந்த விகிதத்தை அளந்து வெளியிட்டார்கள். லெய்டன் ஜாடியில் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் கண்ணாடி ஜாடி) சேர்த்த மின்னூட்டத்தை முதல் வழியில் அளந்து, பிறகு அதைக் கம்பிச்சுருள் வழியே வெளியேற்றி, காந்த ஊசி எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தார்கள். ஜாடி, சுருள், ஊசி, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கும் அந்தச் சோதனைக்கும் தொடர்பே இல்லை. வெபர் தன் மாறிலியை எழுதிய முறையில் √2 என்ற காரணி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்ததால், எண்ணும் எதையும் நினைவூட்டவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஜெர்மன் இயற்பியலாளர் கிர்ச்சாஃப், தடையில்லாக் கம்பியில் மின்னலைகள் ஒளியின் வேகத்தில் போகும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

1861 கோடையில் ஸ்காட்லாந்தில் தன் கிளென்லேர் வீட்டில் இருந்த இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், மின்காந்த ஊடகத்தில் குறுக்கலைகள் (பரவும் திசைக்குக் குறுக்கே அதிரும் அலைகள்) பரவும் வேகம் அந்த விகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்கில் வந்து சேர்ந்தார். வெபரின் எண் கையில் இல்லை. லண்டன் திரும்பியபின் எடுத்துப் பார்த்தார்: வினாடிக்கு 3,10,740 கி.மீ. சுழலும் பற்சக்கரத்தை வைத்து பாரிஸில் ஃபிசோ 1849-இல் அளந்த ஒளியின் வேகமாக அவர் எடுத்துக்கொண்டது 3,14,858 கி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஒளியும் மின்காந்த அலைதான் என்று அவர் 1862-இல் எழுதினார். 1880-களின் கடைசியில் ஹெர்ட்ஸ் அந்த அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டும் வரை பலர் நம்பவில்லை.

இங்கே அலகு செய்த வேலையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. விகிதத்தின் அலகு மீ/வி என்பது கேள்வியைத்தான் எழுப்பியது. எண் ஒத்துப்போனது சந்தேகத்தைக் கிளப்பியது. எந்த அலை, எந்த ஊடகம், ஏன் என்று சொல்ல ஒரு கொள்கை வந்த பிறகே அது உண்மையான திசைவேகம் ஆனது. மழையளவுக்கும் அதே மீ/வி உண்டு, அதற்குப் பின்னால் அப்படி ஓடும் பொருள் எதுவும் அகப்படவில்லை.

அந்த வேகத்துக்கு 1983-இல் இன்னொரு பதவி உயர்வு கிடைத்தது. ஒளியின் வேகம் துல்லியமாக 29,97,92,458 மீ/வி என்று நிர்ணயித்துவிட்டு, அதிலிருந்து மீட்டரை வரையறுத்தார்கள்: ஒரு வினாடியை அந்த எண்ணால் வகுத்தால் கிடைக்கும் நேரத்தில் வெற்றிடத்தில் ஒளி கடக்கும் தூரம்தான் ஒரு மீட்டர். நீளமும் நேரமும் அடிப்படை, திசைவேகம் அவற்றிலிருந்து வருவது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் வரிசை வரையறையில் தலைகீழாகிவிட்டது. இன்று வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை அளந்து யாருக்காவது வேறு எண் கிடைத்தால், சரிபார்க்க வேண்டியது அவருடைய அளவுகோலையும் கடிகாரத்தையும்தான்.